சேமிப்பும் செயலும்: மனித நினைவைக் கணிப்பொறியில் வடிக்கும் முயற்சிகளின் வரலாறு – ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

மனிதன் அறியும் முறையையும் நினைவில் கொள்ளும் முறையையும் கணிப்பொறியின் அமைப்பாக வடித்துக் காட்டும் முயற்சி அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. இம்முயற்சியால் உருவான அமைப்புகள் அறிதிறன் கட்டமைப்புகள் எனப்படுகின்றன. இவற்றின் வரலாற்றைக் கணிப்பொறி அறிஞரும் உளவியலாரும் பலமுறை எழுதியுள்ளனர். அவ்வரலாற்றின் திருப்புமுனைகள் பலவற்றில் மொழியே சோதனைக் களமாக இருந்தது. சொற்பொருள் எவ்வாறு சேமிக்கப்படுகிறது, வினைச்சொல்லின் இறந்தகால வடிவம் எவ்வாறு உருவாகிறது என்னும் வினாக்களை ஒட்டியே பெரிய விவாதங்கள் எழுந்தன.

அவ்விவாதங்களை மொழியியல் நோக்கில் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். சேமிப்பு வேறு, செயல் வேறு என்னும் பகுப்பு பொறியை அமைப்பதற்காக மேற்கொள்ளப்பட்டது. பின்னர் அது மனத்தைப் பற்றிய கொள்கையாகவும் இலக்கணத்தைப் பற்றிய கொள்கையாகவும் வளர்ந்தது. அதனைச் சோதிக்கப் பெரிதும் பயன்பட்ட சான்று ஆங்கிலம் என்னும் ஒரே மொழியிலிருந்து வந்தது. இம்மூன்றும் இங்கு நிறுவ முயலப்படும் கருத்துகள். தமிழ் வினையமைப்பு இவ்விவாதத்தில் எவ்விடம் பெறும் என்பது இறுதியில் ஆராயப்படுகிறது.

2. ‘நினைவு’ பொறிக்குள் வந்த வரலாறு

19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தாம் வடிவமைத்த பகுப்புப் பொறியை இரு பகுதிகளாகக் கண்டார். எண்களை வைத்திருக்கும் பகுதிக்கு ‘ஸ்டோர்’ என்றும் அவற்றின்மீது கணக்கிடும் பகுதிக்கு ‘மில்’ என்றும் பெயரிட்டார். பண்டசாலையும் ஆலையும் அக்கால இங்கிலாந்தின் தொழில் வாழ்விலிருந்து வந்த உருவகங்கள். பண்டசாலை நினைப்பதில்லை, வைத்திருக்கிறது, அவ்வளவே. பொறிக்கு மனம் உண்டு என்னும் குறிப்பு இப்பெயர்களில் இல்லை.

1945 ஜூன் 30 எனத் தேதியிட்ட எட்வாக் அறிக்கையில் ஜான் வான் நியூமன் வேறு சொல்லைக் கையாண்டார். எண்களையும் கட்டளைகளையும் ஒருங்கே வைத்திருக்கும் பகுதியை அவர் ‘மெமரி’ என்றார். பொறியின் பகுதிகளை ‘உறுப்புகள்’ என்றார். வாரன் மெக்கலக், வால்ட்டர் பிட்ஸ் ஆகியோர் 1943-இல் நரம்பணுக்களைத் தருக்க முறையில் விளக்கி எழுதிய கட்டுரையை அடியொற்றி, கணக்கிடும் பகுதி, கட்டுப்படுத்தும் பகுதி, நினைவு ஆகிய மூன்றையும் மனித நரம்பு மண்டலத்தின் இணைப்பு நரம்பணுக்களோடு ஒப்பிட்டார். உள்ளீடும் வெளியீடும் உணர்வு நரம்புகளுக்கும் இயக்க நரம்புகளுக்கும் ஒப்பாயின.

ஆலன் டூரிங் 1950-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பழைய ‘ஸ்டோர்’ என்னும் சொல்லே ஆளப்பட்டது. அவருடைய ஒப்புமையும் நுட்பமானது. அக்காலத்தில் கணக்கிடும் பணியாளர் ஒருவர் கையில் தாளும் விதிப்புத்தகமும் வைத்திருப்பார். பொறியின் சேமிப்பு அவற்றுக்கே ஒப்பானது. அவர் மனக்கணக்காகச் செய்யும் அளவிற்குத்தான் சேமிப்பின் ஒரு பகுதி அவருடைய நினைவுக்கு ஒப்பாகும். பொறியின் சேமிப்பும் மனித நினைவும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்பவை என்றாரேயன்றி இரண்டும் ஒன்று என்று டூரிங் கூறவில்லை.

எனினும் உலகெங்கும் பரவியது ‘மெமரி’ என்னும் சொல்லே. ஒப்புமை வழக்குச் சொல்லானபின் அது ஒப்புமை என்பதே மறந்துபோவது மொழி வரலாற்றில் இயல்பு. பொறிக்கு மனத்தின் சொல்லைக் கடன் கொடுத்த உளவியல், சில ஆண்டுகளில் மனத்திற்குப் பொறியின் சொல்லைக் கடன் வாங்கலாயிற்று. 1968-இல் ரிச்சர்டு அட்கின்சனும் ரிச்சர்டு ஷிப்ரினும் முன்வைத்த நினைவுக் கொள்கையில் புலன்பதிவு, குறுங்காலச் சேமிப்பு, நெடுங்காலச் சேமிப்பு என்னும் பெட்டிகள் இடம்பெற்றன. செய்தி ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டது. பாபேஜின் பண்டசாலை மனித மனத்திற்குள் கட்டப்பட்டுவிட்டது எனலாம்.

3. படிநிலையில் அடுக்கிய சொற்பொருள்

நினைவின் அமைப்பை மொழியைக் கொண்டு ஆராய்ந்த முன்னோடிகளுள் ராஸ் குயிலியன் குறிப்பிடத்தக்கவர். 1966-இல் அவர் அளித்த ஆய்வேட்டின் கருத்துகள் 1968-இல் ‘சொற்பொருள் நினைவு’ என்னும் பொருளில் வெளிவந்தன. அகராதியில் ஒரு சொல்லுக்கு விளக்கம் பிற சொற்களால் தரப்படுவதுபோல, அவர் அமைப்பில் ஒவ்வொரு கருத்தும் பிற கருத்துகளோடு பெயரிட்ட இணைப்புகளால் கட்டப்பட்டது. இரு சொற்களின் தொடர்பை அறிய வேண்டுமாயின் இரண்டிலிருந்தும் தேடல் வெளிநோக்கிப் பரவி ஓரிடத்தில் சந்திக்க வேண்டும். பல்பொருள் ஒருசொல்லின் பொருளைச் சூழலால் துணியும் வழியொன்றை இது காட்டியதால் மொழிபெயர்ப்பாய்வுக்கும் பயன்படுவதாயிற்று.

ஆலன் காலின்ஸும் குயிலியனும் 1969-இல் இவ்வமைப்பை மனிதரிடம் சோதித்தனர். கேனரி என்பது பாடும் பறவை. ‘கேனரி பாடும்’, ‘கேனரி பறக்கும்’, ‘கேனரிக்குத் தோல் உண்டு’ என்னும் வாக்கியங்கள் உண்மையா எனக் கூறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் இவ்வரிசையிலேயே கூடியது. பாடுதல் கேனரியோடும், பறத்தல் பறவையோடும், தோல் விலங்கோடும் சேமிக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு படி ஏறுவதற்கும் நேரம் ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஒரே செய்தியைப் பலவிடத்தில் எழுதாமல் உயர்ந்த படியில் ஒருமுறை எழுதுவது சிக்கனம். இச்சிக்கனம் சேமிப்பிடம் அரிதாயிருந்த 1960-களின் கணிப்பொறிக்கு இன்றியமையாதது. மனித மூளைக்கும் அது வேண்டுமா என்பது தனியாக நிறுவ வேண்டிய ஒன்று.

1972-இல் கரோல் கான்ராட் செய்த ஆய்வு அந்த ஐயத்தை வலுப்படுத்தியது. ஒரு பண்பு ஒரு சொல்லோடு எவ்வளவு அடிக்கடி சேர்த்து எண்ணப்படுகிறது என்பதைக் கட்டுப்படுத்தினால் படிநிலையின் விளைவு பெரிதும் குறைந்தது. எலினார் ரோஷ் 1970-களில் செய்த ஆய்வுகள் ஒரு வகைக்குள் எல்லா உறுப்பும் ஒரே நிலையில் இல்லை என்பதைக் காட்டின. சிட்டுக்குருவியைப் பறவை என ஏற்பதில் காட்டும் விரைவைக் கோழியிடம் எவரும் காட்டுவதில்லை. படிநிலை வரைபடத்திலோ இரண்டும் ஒரே படியில் உள்ளவை. நினைவின் வடிவத்தைப் பயன்பாடு மாற்றுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

4. முழு மனத்திற்கு ஒரே கட்டமைப்பு

தனித்தனிச் செயல்களுக்குத் தனித்தனி நிரல்கள் எழுதுவதை விடுத்து, மனம் முழுமைக்கும் மாறாத ஓர் அடித்தளம் காண வேண்டும் என்று ஆலன் நியூவெல் வற்புறுத்தினார். 1987-இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள் 1990-இல் நூலாயின. அவரும் ஜான் லேர்டு, பால் ரோசன்புளூம் ஆகியோரும் உருவாக்கிய ‘சோர்’ என்னும் கட்டமைப்பில் நெடுங்கால நினைவு முழுவதும் ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்’ என்னும் விதிகளாகவே இருந்தது. எதை அறிவதும் எதைச் செய்வதும் ஒரே வகை விதியில் அடங்கின. பிற்காலத்தில் இவ்வொருமை தளர்த்தப்பட்டது. பொதுச்செய்திகளுக்கும் நிகழ்ச்சி அனுபவங்களுக்கும் தனி நினைவுகள் சோரில் சேர்க்கப்பட்டன.

ஜான் ஆண்டர்சன் வளர்த்த ‘ஆக்ட்’ என்னும் கட்டமைப்பு தொடக்கம் முதலே இரு நினைவுகளைக் கொண்டது. செய்தியறிவு ஒன்று, செய்முறையறிவு மற்றொன்று. 1976, 1983, 1993 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த நூல்கள் இதன் வளர்ச்சிப் படிகளைக் காட்டுவன. இதில் சேமித்த செய்தி அசையாது கிடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விழிப்பளவு உண்டு. எடுத்தாளுந்தோறும் அது உயரும், நாள் செல்லச்செல்லத் தாழும்.

இவ்விழிப்பளவிற்கு ஆண்டர்சனும் லேல் ஸ்கூலரும் 1991-இல் தந்த அடிப்படை மொழியியலாருக்கு மிகவும் உரியது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தலைப்புகள், குழந்தைகளிடம் பேசப்பட்ட பேச்சு, ஒருவருக்கு வந்த மின்னஞ்சல்கள் ஆகிய மூன்றையும் அவர்கள் ஆராய்ந்தனர். ஒரு சொல் கடைசியாக வந்து எத்தனை நாளாயிற்று என்பதைக் கொண்டு அது மீண்டும் வரும் வாய்ப்பு எவ்வாறு குறைகிறது எனக் கணக்கிட்டனர். அக்குறைவின் வளைகோடு, ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வு முதல் உளவியலார் அறிந்திருந்த மறதியின் வளைகோட்டை ஒத்திருந்தது. மறதி நினைவின் பழுது என்னும் கருத்து இதனால் ஆட்டம் கண்டது. சொற்கள் உலகில் வந்து போகும் ஒழுங்கிற்கு நினைவு தன்னைப் பொருத்திக்கொண்டிருக்கிறது எனலாயிற்று.

5. ஆங்கில இறந்தகாலம் என்னும் போர்க்களம்

இக்கட்டமைப்புகளுக்கு எதிர்நிலையில் இணைப்புவாதம் எழுந்தது. இதில் பண்டசாலையும் இல்லை, ஆலையும் இல்லை. எளிய அலகுகளும் அவற்றினிடையே வலிமை மாறும் இணைப்புகளும் மட்டுமே உண்டு. கற்றது எல்லாம் இணைப்புகளின் வலிமையில் பரவியிருக்கும். அவ்விணைப்புகளே செயலையும் நிகழ்த்தும்.

1986-இல் டேவிட் ருமெல்ஹார்ட்டும் ஜேம்ஸ் மெக்லெலண்டும் ஆங்கில வினையின் இறந்தகாலத்தைக் கற்கும் வலைப்பின்னல் ஒன்றை வெளியிட்டனர். வினைப்பகுதியின் ஒலிகள் 460 உள்ளீட்டு அலகுகளாலும், இறந்தகால வடிவம் 460 வெளியீட்டு அலகுகளாலும் குறிக்கப்பட்டன. இடையே 2,11,600 இணைப்புகள் அமைந்தன. முதலில் அடிக்கடி வழங்கும் 10 வினைகளும் பின்னர் மேலும் 410 வினைகளும் கற்பிக்கப்பட்டன. ‘கம்’ என்பதற்குக் ‘கேம்’ என்று முதலில் சரியாகச் சொல்லும் குழந்தை இடையில் ‘கம்டு’ என்று பிழைபடக் கூறி மீண்டும் ‘கேம்’ என்பதற்கு வருவது நன்கறிந்த செய்தி. வலைப்பின்னலும் இவ்வாறே நடந்துகொண்டது. விதி எதுவும் எழுதப்படாத இடத்தில் விதிக்கு ஒத்த நடத்தை தோன்றியதால் இலக்கண விதி என்பதே ஆய்வாளரின் புனைவோ என்னும் ஐயம் எழுந்தது. மொழியியலின் அடித்தளமே வினாவுக்கு உள்ளாயிற்று.

1988-இல் ஸ்டீவன் பிங்கரும் ஆலன் பிரின்ஸும் விரிவான மறுப்பை வெளியிட்டனர். 10 வினைகளிலிருந்து 420 வினைகளுக்குத் திடீரெனத் தாவியதால்தான் அப்பிழை தோன்றியது; குழந்தையின் சொல்லறிவு அவ்வாறு தாவுவதில்லை என்றனர். அஞ்சலில் அனுப்புதல் என்னும் பொருளுடைய ‘மெய்ல்’ என்பதற்கு ‘மெம்பிள்டு’ என்பது போன்ற விந்தை வடிவங்களை வலைப்பின்னல் தந்ததைச் சுட்டினர். ஒலியை மட்டுமே அறிந்த வலைப்பின்னல், ஒலியால் ஒன்றாய் இறந்தகாலத்தில் வேறுபடும் வினைகளைப் பிரித்தறிய வழியில்லை என்பது அவர்கள் காட்டிய குறைகளுள் வன்மையானது. அவர்கள் கொள்கைப்படி ஒழுங்கற்ற வடிவங்கள் நினைவில் சேமிக்கப்படுகின்றன. ஒழுங்கான வடிவம் விதியால் ஆக்கப்படுகிறது. நினைவிலிருந்து வடிவம் கிட்டாதபோது விதி செயற்படும். கேரி மார்க்கசும் பிறரும் 1992-இல் 83 குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து, இத்தகைய பிழை ஒழுங்கற்ற வினைகளின் இறந்தகால வடிவங்களில் இடைநிலை அளவாக 2.5 விழுக்காடே எனக் காட்டியது இக்கொள்கைக்கு அரணாயிற்று. சேமிப்பும் செயலும் என்னும் பழைய பகுப்பு சொற்களும் விதிகளும் என்னும் பெயரில் இலக்கணத்திற்குள் வந்தது.

இதற்குப் பின் இரு தரப்பும் மாறிமாறிச் சான்று தந்தன. 1995-இல் ஜெர்மன் பன்மை எடுத்துக்கொள்ளப்பட்டது. அம்மொழியில் ‘ஸ்’ விகுதி பெறும் பெயர்கள் மிகச் சிலவே; ஆயினும் புதுச்சொல்லும் கடன்சொல்லும் இயற்பெயரும் அவ்விகுதியையே நாடுகின்றன. எனவே பொதுவிதிக்குப் பெரும்பான்மை வேண்டியதில்லை என வாதிடப்பட்டது. மைக்கேல் உல்மனும் பிறரும் 1997-இல் அல்சைமர் நோயாளர் ஒழுங்கற்ற வடிவங்களிலும் பார்க்கின்சன் நோயாளர் ஒழுங்கான வடிவங்களிலும் மிகுதியாக இடர்ப்படுவதைக் காட்டினர். மார்க் ஜோனிசும் மார்க் சைடன்பர்க்கும் 1999-இல் ஒரே வலைப்பின்னலின் பொருட்பகுதியையும் ஒலிப்பகுதியையும் தனித்தனியே சிதைத்து அதே வேறுபாட்டைத் தோற்றுவித்தனர்.

2002-இல் நீல்ஸ் டாட்கனும் ஆண்டர்சனும் ஆக்ட் கட்டமைப்பில் இச்சிக்கலுக்குத் தந்த விடை கவனத்திற்குரியது. அவர்கள் அமைப்பு முதலில் கேட்ட வடிவத்தை நினைவிலிருந்து எடுக்க முயலும். கிட்டாவிடில் வேறொரு வினையை ஒப்புமையாகக் கொள்ளும். அவ்வொப்புமை திரும்பத்திரும்ப நிகழ்வதால் இறுகி விதியாக உருவாகிறது. இங்கு விதி சேமிப்பிலிருந்து பிறக்கிறது. இரண்டும் இருவேறு பிறப்புடையன அல்ல.

2018-இல் கிறிஸ்டோ கிரோவும் ரயன் காட்டரெலும் புதிய வகை வலைப்பின்னல்கள் 1988-இல் எழுந்த மறுப்புகளுள் பலவற்றைக் கடந்துவிட்டன எனக் காட்டினர். மறு ஆண்டிலேயே மரியா கார்க்கரியும் பிறரும், புனைந்த வினைகளுக்கு இவ்வமைப்புகள் தரும் விடை மனிதர் விடையோடு நிலையாகப் பொருந்தவில்லை எனக் கண்டனர். விவாதம் முடிந்துவிடவில்லை.

6. தமிழ் வினை எழுப்பும் வினாக்கள்

இதுகாறும் கண்ட விவாதத்தின் அச்சு ஆங்கிலத்தின் ஓர் இயல்பில் சுழல்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பெருவிதி உண்டு. அதற்கு அடங்காத ஒரு சிறு தொகுதி உண்டு. தமிழ் இறந்தகாலம் இவ்வாறு இரண்டாகப் பிளப்பதில்லை. த், ட், ற் என்னும் ஒற்றுகளும் இன் என்பதும் இறந்தகால இடைநிலைகள் என்று நன்னூல் கூறும். இவற்றுள் எது விதி, எது விலக்கு எனத் துணிவது எளிதன்று.

தமிழ் வினைகளில் மூன்று நிலைகளைக் காணலாம். முதலாவது, ஒலியமைப்பே வடிவத்தைத் துணியும் நிலை. பாடு, பேசு, தூங்கு, எழுது எனக் குற்றியலுகரத்தில் முடியும் வினைகளுள் பெரும்பாலானவை இன் பெறும்: பாடினான், பேசினான், தூங்கினான், எழுதினான். விடு, நடு, பெறு, புகு எனக் குறிலிணையாய் வருவன ஒற்று இரட்டிக்கும்: விட்டான், நட்டான், பெற்றான், புக்கான். இங்கு மாத்திரையை அறிந்தால் வடிவத்தை அறியலாம். ஆயினும் ஓடு, ஆடு என்பவற்றோடு ஒலியால் ஒத்த ‘போடு’ என்பது ‘போடினான்’ ஆகாமல் ‘போட்டான்’ ஆகிறது. நாள்தோறும் வழங்கும் சொல் பொதுப்போக்கிற்கு அடங்காமல் நிற்பது ஆங்கிலத்திலும் காணப்படும் இயல்பே.

இரண்டாவது, ஒலி ஒன்றாயிருக்கப் பொருள் வடிவத்தைத் துணியும் நிலை. அடை என்னும் பகுதி அடைந்தான் எனவும் அடைத்தான் எனவும் வரும். மறைந்தான்–மறைத்தான், சேர்ந்தான்–சேர்த்தான், தேய்ந்தது–தேய்த்தான் என இவ்வரிசை நீளும். பிங்கரும் பிரின்ஸும் சுட்டிய ஒலியொப்புமைச் சிக்கல் ஆங்கிலத்தில் ஓரஞ்சாரத்தில் உள்ளது. தமிழிலோ அது தன்வினை பிறவினைப் பாகுபாட்டோடு பிணைந்த அமைப்பாகவே விளங்குகிறது. ஒலியை மட்டும் உள்ளீடாகக் கொண்ட 1986-ஆம் ஆண்டு வலைப்பின்னலைத் தமிழில் அமைத்திருந்தால் அதன் குறை முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும்.

மூன்றாவது, சொல்லையே அறிந்தாலன்றி வடிவம் துணிய இயலாத நிலை. அழு–அழுதான், தொழு–தொழுதான், ஆனால் விழு–விழுந்தான், எழு–எழுந்தான். கொள்–கொண்டான், ஆனால் கேள்–கேட்டான். செல்–சென்றான், சொல்–சொன்னான், கல்–கற்றான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஒவ்வொரு வினைக்கும் அதன் வகையெண்ணைத் தருவதும், அடைதல், அடைத்தல் எனத் தனித்தலைச்சொல் அமைப்பதும் இது கருதியே. விதியால் முழுமையும் பெறப்படுமாயின் அகராதியில் எண் வேண்டியதில்லை.

இம்மூன்று நிலைகளும் ஒன்றினுள் ஒன்று கலந்தவை. ஒரு பெட்டியில் விதியும் மறுபெட்டியில் பட்டியலும் வைக்கும் கட்டமைப்பு இக்கலப்பைக் காட்ட இயலாது. எல்லாவற்றையும் ஒலியொப்புமையில் அடக்கும் கட்டமைப்பும் இரண்டாம் நிலையில் தடுக்கி விழும். ஒப்புமை இறுகி விதியாகும் என்னும் ஆக்ட் வகை விளக்கம் ஓரளவு பொருந்துவதாகத் தோன்றுகிறது. எந்த அளவு என்பதைச் சோதனையே காட்ட வேண்டும். ‘பிழு’ என ஒரு வினையைப் புனைந்து தந்தால் தமிழர் ‘பிழுதான்’ என்பரா, ‘பிழுந்தான்’ என்பரா? அதனை விழும் செயலாக விளக்கினால் ஒரு விடையும், தொழும் செயலாக விளக்கினால் வேறு விடையும் வருமா? ‘கீடு’ என்பது ‘ஓடு’ வழிச் செல்லுமா, ‘போடு’ வழிச் செல்லுமா? எளிய இச்சோதனைகள் கட்டமைப்புகளின் தகுதியை அளக்கும் உரைகல்லாகும்.

7. கலைச்சொல் பற்றிய ஒரு குறிப்பு

‘மெமரி’ என்பதற்குத் தமிழில் ‘நினைவகம்’ என்னும் சொல் நிலைத்துவிட்டது. நூலகம், மருந்தகம் என்பவற்றைப் போல அகம் என்னும் ஈறு இடத்தைக் குறிப்பது. மறைந்த பெரியோர்க்கு எழுப்பும் கட்டடத்தையும் நினைவகம் என்றே வழங்குகிறோம். பாபேஜின் பண்டசாலைக்கு இச்சொல் மிகவும் பொருந்தும். பொறியைக் குறிக்கும் அளவில் குறையில்லை. ஆனால் நினை என்னும் தமிழ்ப்பகுதி எண்ணுதலையும் மறவாதிருத்தலையும் ஒருங்கே உணர்த்துவது. ‘உன்னை நினைத்தேன்’, ‘அப்படித்தான் நினைத்தேன்’ என்னும் இரண்டிலும் ஒரே வினை. சேமிப்பும் செயலும் பிரியாத கருத்து ஒன்று நம் பேச்சில் இருக்கிறது. அதனால் தமிழில் அறிதல் உளவியலை மொழிபெயர்ப்போர் மனித நினைவைக் குறிக்குமிடத்து ‘நினைவு’ என்றும் பொறியைக் குறிக்குமிடத்து ‘நினைவகம்’ என்றும் பிரித்தாளுதல் நன்று. மூளையின் ‘நினைவகம்’ என்று எழுதும்போது 1968-ஆம் ஆண்டின் ஒரு கொள்கையை நம்மையறியாமல் ஏற்றுக்கொள்கிறோம்.

8. முடிவுரை

சேமிப்பையும் செயலையும் இருவேறிடத்தில் வைத்ததால் இடையில் நெரிசல் ஏற்படுகிறது என ஜான் பேக்கஸ் 1977-இல் ஆற்றிய டூரிங் பரிசு உரையில் குறை கூறினார். ஐ.பி.எம். நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ட்ரூநார்த் சில்லில் 10 இலட்சம் செயற்கை நரம்பணுக்களும் 25.6 கோடி இணைப்புகளும் அமைந்தன. 4,096 கருவங்கள் ஒவ்வொன்றும் தன் நினைவைத் தன்னிடமே கொண்டிருந்தன. பொறியியலே பழைய பகுப்பைக் கைவிட்டுப் பார்க்க முற்பட்டதற்கு இது சான்று. மறுபுறம், 2017-க்குப் பின் வளர்ந்த பெருமொழி அமைப்புகளில் சொல்லும் விதியும் இணைப்புகளின் எண்களில் கரைந்து கிடக்கின்றன. அவை இயங்கும் கணிப்பொறிகளிலோ நினைவகமும் செயலகமும் பெரும்பாலும் தனித்தனியாகவே உள்ளன. பொறியின் அமைப்பு மனத்தின் அமைப்புக்குச் சான்றாகாது என்பதை இம்முரண் நன்கு விளக்கும்.

மனத்திற்குரியது எது, பொறிக்குரியது எது, ஆங்கிலத்திற்குரியது எது எனப் பிரித்தறிய வேண்டுமாயின் பல மொழிகளின் சான்று தேவை. தமிழ்க் குழந்தைகளின் வினைப்பேச்சைத் தொகுத்தல், புனைந்த வினைகளைக் கொண்டு சோதித்தல், வினைவகைகளின் வழக்கு மிகுதியைத் தொகுதரவுகளில் கணக்கிடுதல் ஆகிய மூன்றும் இத்துறைக்குத் தமிழ் மொழியியலார் செய்யத்தக்க பணிகளாகும். அவற்றை மேற்கொள்வோர்க்கு நன்னூலின் இடைநிலைப் பாகுபாடும் பேரகராதியின் வகையெண்ணும் நல்ல தொடக்கமாக அமையும்.